பெயர் மாறிய தங்கப் பல்லி

தங்கப் பல்லி என்றதும் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் எல்லோரும் தொட்டு வணங்கும் பல்லிதான் உங்களுக்கு நினைவு வரும். உயிரோடு ஓடும் தங்கப் பல்லியும் ஒன்று இருக்கிறது. அதன் ஊர் திருப்பதி மலை. ஈரம் கசியும் பாறை இடுக்குகளில் பகலெல்லாம் ஒளிந்திருந்து, இருட்டியதும் வெளியே வரும். வளர்ந்த ஆண் பல்லி பொன்மஞ்சளாக மின்னும். தெலுங்கில் ‘பங்காரு பல்லி’ என்கிறார்கள்.

அது அறிவியல் ஏட்டில் ஏறியது 1870-ல். பின்னாளில் திருப்பதி சேர்ந்த சித்தூர் மாவட்டம் அப்போது பிறக்கவே இல்லை. திருப்பதி வட ஆர்க்காட்டில் இருந்தது. மதராஸ் மாகாணத்தின் வனத்துறைத் தலைவரான ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் ஒரு ராணுவ அதிகாரி. ஆனால் செடி, பாம்பு, பல்லி என்று எது கண்ணில் பட்டாலும் சேகரிப்பவர். திருப்பதி மலையின் பாறைப் பள்ளம் ஒன்றில் கிடைத்த இந்தப் பல்லியை அவர்தான் முதலில் எழுத்தில் விவரித்தார்.

புதிதாக ஒரு விலங்கு கிடைத்தால் அதை எங்கே சேர்ப்பது? கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். கடிதத்தில் எழுதும் முகவரி நாடு, மாநிலம், ஊர், தெரு என்று குறுகுவதுபோல, விலங்கின் இடமும் உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று குறுகிக்கொண்டே வரும்.

நம் பல்லியை இன்றைய முறைப்படி சேர்த்துப் பார்ப்போம். அது விலங்குலகம். முதுகெலும்பு உண்டு, ஆகவே முதுகுநாணிகளின் தொகுதி. உடம்பில் உலர்ந்த செதில் தோல் இருப்பதால் ஊர்வன வகுப்பு. அடுத்தது வரிசை. அங்கே பல்லியோடு நாகப்பாம்பும் சேர்ந்து நிற்கிறது! பார்த்தால் பெரிய பல்லி போலவே இருக்கும் முதலைக்கோ தனி வரிசை. வெளித்தோற்றத்தை நம்பிப் பிரிக்கக் கூடாது என்பது இங்கேயே புரிந்துவிடும்.

குடும்பத்துக்கு வரும்போது கண்ணைப் பாருங்கள். வேலியில் உட்கார்ந்திருக்கும் ஓணான் கண்ணை மூடித் திறக்கும். வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமையே கிடையாது; நாக்கால் நக்கித்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். தங்கப் பல்லியும் அப்படித்தான். எனவே அதுவும் சுவர்ப் பல்லியும் ஒரே குடும்பம்; ஓணான் வேறு குடும்பம். ஆனால் விரல் நுனிகள் அகன்று விரிந்திருக்கும் விதத்தில் சுவர்ப் பல்லியிலிருந்து தங்கப் பல்லி வேறுபடுகிறது. அதனால் அதற்கென்றே புதுப் பேரினம் ஒன்றை உண்டாக்கினார் பெட்டோம். கலோடாக்டைலஸ் ஆரியஸ் என்று பெயரிட்டார். முதற்சொல் பேரினத்தின் பெயர், அடுத்தது சிற்றினத்தின் பெயர். விலங்குகளுக்கு இந்த இருசொல் முறையை 1758-ல் நிலைநாட்டியவர் சுவீடனின் கார்ல் லின்னேயஸ். பல்லியையும் தவளையையும் ஒரே வகுப்பில் போட்டவரும் அவரே! பின்னால் வந்தவர்கள் இரண்டையும் பிரித்தார்கள்.

பெட்டோம் வைத்த பேரினப் பெயரும் நிலைக்கவில்லை. விலங்குகளில் இரண்டு பேரினங்களுக்கு ஒரே பெயர் இருக்கக் கூடாது என்பது விதி. அந்தப் பெயரை வேறொரு விலங்குக்கு முன்பே யாரோ வைத்துவிட்டிருந்தார்கள். 1920-களில் எம்ப்ரிக் ஸ்ட்ராண்ட் என்ற விலங்கியலாளர் அதைக் கலோடாக்டைலோடெஸ் என்று மாற்றினார். பல்லி இருந்த பாறையிலேயே இருந்தது. அதற்குள் அந்த மலையின் முகவரியும் மாறியிருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகிவிட்டது.

1953-ல் அந்த மாவட்டம் ஆந்திராவோடு சேர்ந்தது. அதே ஆண்டில் இலங்கையில் தெரணியகல என்ற அறிஞர், இதே பேரினத்தில் இன்னொரு சிற்றினத்தை விவரித்தார். இன்றுவரை அந்தப் பேரினத்தில் இந்த இரண்டு பல்லிகள்தான்: இந்தியாவில் ஒன்று, கடலுக்கு அப்பால் ஒன்று.

திருப்பதிப் பல்லியைப் பற்றி மட்டும் நெடுங்காலம் பேச்சே இல்லை. ஆந்திரக் கிழக்கு மலைத்தொடரில் அதை மறுபடி கண்டதாக 1986-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் ஜே.சி. டேனியலும் அவரது கூட்டாளிகளும் எழுதினார்கள். பிறகு தேடத் தேட, வேலூர்ப் பக்கத்து மலைகளிலும் ஒடிசாவிலும்கூடத் தென்பட்டது. மலையின் முகவரியும் மறுபடி மாறியது: திருப்பதி 2022-ல் தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது.

இன்று விலங்கியல் நூல்களில் இதன் பெயர் இப்படி இருக்கும்: கலோடாக்டைலோடெஸ் ஆரியஸ் (பெட்டோம், 1870). அந்த அடைப்புக்குறி அழகுக்காகப் போட்டதல்ல. முதலில் பெயர் வைத்தவர் இதை வேறொரு பேரினப் பெயரில் எழுதினார், பின்னால் மாறியது என்பதற்கான அடையாளம் அது. புலிக்கும் அடைப்புக்குறி உண்டு: பந்தெரா டைகிரிஸ் (லின்னேயஸ், 1758). பூனை இருக்கும் பேரினத்தில்தான் லின்னேயஸ் புலியையும் வைத்திருந்தார். மயிலுக்கோ, பாவோ கிரிஸ்டேடஸ் லின்னேயஸ், 1758 என்று அடைப்புக்குறி இல்லாமலே எழுதுவார்கள். லின்னேயஸ் வைத்த பேரினத்திலேயே மயில் இன்னும் இருக்கிறது.