கையும் கருத்தும்: ரக்பியில் ‘வேண்டுமென்றே நாக்-ஆன்’ விதியின் வளர்ச்சி

ரக்பியில் ஆட்டக்காரரின் கையிலோ புயத்திலோ பட்டுப் பந்து முன்னே போனால் அது நாக்-ஆன். தவறிப் போனால் எதிரணிக்கு ஸ்க்ரம். வேண்டுமென்றே தட்டினால் பெனால்டி. முதலில் ஆட்டக்காரரின் எண்ணத்தைத் தேடிய விதி, காலப்போக்கில் அவருடைய கையைப் படிக்கப் பழகியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1871 ஜனவரியில் லண்டனில் ரக்பி கால்பந்து ஒன்றியம் அமைந்தது. அதே ஆண்டில் அது வகுத்த 59 விதிகளில், பந்தை வேண்டுமென்றே கையால் அடிப்பது மட்டுமே நாக்-ஆன். தற்செயலாகக் கை படுவது அந்த வரையறைக்குள் வரவில்லை. தண்டனையும் கடுமையானதல்ல. எதிரணித் தலைவர் கேட்டால், பந்தை அடித்த இடத்துக்கே கொண்டுவந்து தரையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். தகராறு எழுந்தால் தீர்ப்பவர்களும் இரு தலைவர்களே. தன் ஆள் என்ன நினைத்துச் செய்தான் என்பதைத் தலைவர் நேர்மையாகச் சொல்வார் என்ற நம்பிக்கையில் நின்ற விதி அது.

பின்னாளில் நடுவரும் பெனால்டியும் வந்தபோது அந்த நம்பிக்கைக்கு இடமில்லாமல் போயிற்று. தவறுதலும் நாக்-ஆன் ஆயிற்று. வேண்டுமென்றே செய்வது தனிக் குற்றமாகப் பிரிந்தது. ஆனால் மனத்தை நடுவர் எப்படிப் பார்ப்பார்? இன்றைய 11ஆம் விதி இதற்கு ஒரு வழி காட்டுகிறது: பிடிக்க முயலும்போது பந்து முன்னே போனாலும், அது கைக்கு வரும் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தால் குற்றமில்லை. ஆகவே நடுவர்கள் உள்ளங்கை மேல்நோக்கி விரிந்ததா, கீழ்நோக்கி அறைந்ததா என்று கவனிக்கிறார்கள். பாஸின் வேகத்தையும் ஆட்டக்காரர் நின்ற தூரத்தையும் சேர்த்து எடைபோடுகிறார்கள். ஒற்றைக் கையை நீட்டினாலே குற்றம் என்று ரசிகர்கள் பலர் நம்புகிறார்கள். விதியில் அப்படி ஒரு சொல்லும் இல்லை.

2022 பிப்ரவரியில் நடந்த ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஆட்டத்தின் தீர்ப்பு ஐயத்துக்கு இடமில்லாதது. ஸ்காட்லாந்தின் ஃபின் ரஸ்ஸல் குறுக்கே உதைத்த பந்துக்காகச் சக ஆட்டக்காரர் டார்சி கிரஹாம் காத்திருக்க, இங்கிலாந்தின் லூக் கவன்-டிக்கி எகிறி அதை வெளியே தட்டிவிட்டார். பிடிக்கும் முயற்சியே அதில் இல்லை. நடுவர் பென் ஓ’கீஃப் பெனால்டி ட்ரையும் (குற்றம் தடுத்த ட்ரைக்கான புள்ளிகள்) மஞ்சள் அட்டையும் (தற்காலிக வெளியேற்றம்) கொடுத்தார். 17-10 என முன்னிலையில் இருந்த இங்கிலாந்து 17-20 எனத் தோற்றது.

2015 உலகக் கோப்பைக் காலிறுதி அவ்வளவு தெளிவானதல்ல. ஆஸ்திரேலியப் பாஸின் குறுக்கே கை நீட்டிய ஸ்காட்லாந்தின் ஷான் மெய்ட்லாண்டுக்கு நடுவர் கிரெய்க் ஜூபெர் மஞ்சள் அட்டை காட்டினார். மெய்ட்லாண்ட் வெளியே இருந்தபோது ஆஸ்திரேலியாவின் டிரூ மிட்செல் ட்ரை போட்டார். ஆஸ்திரேலியா 35-34 என வென்றது. பாஸை இடைமறிக்க முயன்று தவறியதற்கு இது மிகையான தண்டனை என்றே கருதுகிறேன். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி 73ஆவது நிமிடத்தில் இதே குற்றத்துக்காக வெளியேறினார். அந்தப் பெனால்டியை நியூசிலாந்தின் ஜோர்டி பாரெட் தவறவிட, அவரது அணி 11-12 எனத் தோற்றது.

மெதுவாக ஓட்டும் காணொளியில் எந்தக் கையசைவும் திட்டமிட்டதாகவே தோன்றும். எனவே பந்து போன திசையை அறிய மட்டும் காணொளியைப் பார்க்கட்டும். பிடித்திருக்க முடியுமா என்பதை, ஆட்டம் நடந்த வேகத்திலேயே பார்த்து நடுவர் முடிவு செய்யட்டும்.