தந்தையின் பெயரை எடுத்துக்கொண்ட பிள்ளைகள்

1742-ல் மாசசூசெட்ஸின் டார்ட்மவுத்தில், ஸ்லோக்கம் குடும்பத்துக்காரர் ஒருவர் தன் அடிமையை உறவினருக்கு 150 பவுண்டுக்கு விற்றார். விற்கப்பட்டவர் கோஃபி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவயதிலேயே கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர். சில ஆண்டுகளில் அவருக்கு விடுதலை கிடைத்தது. வாம்பனோக் பழங்குடிப் பெண்ணான ரூத் மோசஸை மணந்தார். பத்துப் பிள்ளைகள். 1766-ல், தன்னை விலைபேசிய அதே டார்ட்மவுத்தில் 650 ஸ்பானிய வெள்ளி டாலர் கொடுத்து 116 ஏக்கர் பண்ணையை வாங்கினார் அந்த மனிதர்!

1772-ல் அவர் இறந்தார். எஜமானர் குடும்பத்தின் பெயர் அதுவரை வீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளில் பலர் ஸ்லோக்கத்தை உதறிவிட்டு, தந்தையின் பெயரையே 'கஃபி' எனக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள்.

அந்த மகன்களில் ஒருவர்தான் பால் கஃபி. 1759-ல் பிறந்தவர்; பதின்ம வயதிலேயே திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறியவர். 1776-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு நியூயார்க்கில் சிறையிருந்தார். திரும்பி வந்தால் ஊரில் வரி பாக்கிக்கு நோட்டீஸ். வரி உண்டு, ஓட்டு கிடையாது. 'எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு வரி போடக் கூடாது' என்று சொல்லித்தான் அமெரிக்கர்கள் பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்தார்கள். பாலும் அண்ணன் ஜானும் மற்றவர்களும் 1780-ல் அதே நியாயத்தை மனுவாக எழுதி மாசசூசெட்ஸ் ஆட்சியாளர்களிடமே நீட்டினார்கள்.

அந்த மனுவில் என்னை உலுக்கும் இடம் வேறு. அக்கம்பக்கத்து வெள்ளையர்களைப் போலப் பெற்றோர் சொத்து எங்களுக்கு வந்து சேரவில்லை, நெடுங்கால அடிமைத்தனம் அதைப் பறித்துவிட்டது என்கிறார்கள். ஒரு தலைமுறையின் கூலி போனால் அடுத்த தலைமுறையின் சொத்தும் போகிறது என்ற கணக்கை அன்றே போட்டிருக்கிறார்கள். பலன்? சகோதரர்கள் சிறைக்குப் போனார்கள். கடைசியில் குறைத்த தொகையைக் கட்டி விவகாரத்தை முடித்தார்கள்.

பிறகு பால் கப்பல் கட்டினார், செல்வந்தரானார். தான் குடியிருந்த வெஸ்ட்போர்ட்டில் பள்ளி கட்டுவதில் ஊரார் ஒத்துவராதபோது, தன் நிலத்தில் தன் காசில் கட்டித் திறந்துவிட்டார். 1811-ல் கருப்பின மாலுமிகளோடு 'டிராவலர்' கப்பலில், அன்று பிரிட்டனின் காலனியாக இருந்த சியரா லியோன் போனார். மறு ஆண்டு திரும்பியதும், பிரிட்டனோடு வணிகம் கூடாதென்ற சட்டத்தைக் காட்டிச் சுங்கத்தார் கப்பலைப் பறித்தார்கள். வாஷிங்டன் போய் ஜனாதிபதி மேடிசனையே பார்த்து மீட்டார். 1815 டிசம்பரில், குடியேற விரும்பிய 38 கருப்பினத்தவரை ஏற்றிக்கொண்டு மீண்டும் சியரா லியோனுக்குப் புறப்பட்டார். செலவின் பெரும்பகுதி அவர் கைக்காசு.

1816 இறுதியில் சுதந்திரக் கருப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப வெள்ளையர்கள் ஒரு சங்கம் தொடங்கி, இவரிடமும் யோசனை கேட்டார்கள். அடுத்த மாதமே ஃபிலடெல்ஃபியா பெத்தேல் தேவாலயத்தில் சுமார் 3,000 கருப்பினத்தவர் கூடி, 'போகமாட்டோம்' என்றார்கள். யோசனை கேட்டார்கள் என்பதை வைத்துக் கஃபியையும் அந்தச் சங்கத்தாரையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் உண்டு. அது அநியாயம். போக விரும்பியவர்களைத்தான் அவர் ஏற்றிச் சென்றார். அவர் குடும்பம் வெஸ்ட்போர்ட்டை விட்டுப் போகவில்லை. 1817-ல் அங்கேயே இறந்தார். 1913-ல் அவருடைய கொள்ளுப்பேரன் ஒருவர் அங்கே அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்.

(தொடரும்)