ஓடைத் திசைதிருப்பம்

ஓடைத் திசைதிருப்பம் என்பது இயற்கையாக ஓடும் நீரோடையை அதன் பழைய தடத்திலிருந்து விலக்கி, வேறொரு தடத்தில் ஓடச் செய்வதாகும். பாசனம், சாலைப்பணி, சுரங்கம் தோண்டுதல் ஆகியவற்றுக்காக அரசின் அனுமதியுடன் இது செய்யப்படுவதுண்டு. அனுமதியின்றிக் கரை கட்டியும் மண் கொட்டியும் ஓடையைத் திருப்புவதும் உண்டு. கைவிடப்பட்ட சுரங்கக் குழிக்கு அருகில் இவ்வாறு செய்யப்படும்போது நெடுஞ்சாலைகளும் பாலங்களும் ஆபத்துக்குள்ளாகின்றன.

பாதிப்பு ஏற்படும் விதம்

திசை மாறிய வெள்ளம் மூன்று வழிகளில் சாலையைத் தாக்குகிறது.

1. பின்னோக்கிய அரிப்பு: ஓடைநீர் ஆழமான குழிக்குள் விழும்போது குழியின் விளிம்பு அரிக்கப்படுகிறது. இவ்வரிப்பு நீர் வரும் திசையை நோக்கி மேலேறிச் செல்லும். வழியில் பாலத் தூண்கள் இருப்பின் அவற்றின் அடிமண் கரைந்துபோகும்.
2. பசித்த நீர்: நீர் சுமந்து வரும் மணலும் வண்டலும் குழியில் தங்கிவிடுகின்றன. தெளிந்து வெளியேறும் நீர், இழந்த மண்ணை ஈடுசெய்வது போலக் கீழ்ப்பகுதியின் படுகையை அரிக்கிறது.
3. தேக்கம்: பழைய தடத்தைக் கணக்கிட்டே சிறுபாலங்கள் கட்டப்படுகின்றன. பாலமில்லாத இடத்துக்கு வெள்ளம் வரும்போது சாலையின் மண்மேடு அணை போல நீரைத் தடுக்கிறது. அணைக்குரிய வலிமை அதற்கு இல்லாமையால் நீர் ஊறி உடைகிறது.

கரிசல் நிலத்தில்

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டி, பசுவந்தனை, எட்டயபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதி மானாவாரிக் கரிசல் நிலமாகும். இங்குள்ள ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, வடகிழக்குப் பருவமழையின்போது மட்டும் பெருகிக் கண்மாய்களை நிரப்புகின்றன. பல மாதங்கள் நீரில்லாமையால் தடத்தை மறித்தாலும் உடனே தீங்கு தெரிவதில்லை. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி ஆழமாக வெடிக்கும் இயல்புடையது. வெடிப்புகளின் வழியே புகும் நீர் சாலையின் அடித்தளத்தை இளக்குகிறது. மேலும், ஓர் ஓடை திரும்பினால் அதன் கீழுள்ள கண்மாயும் நீரின்றிப் போகும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் இம்மாவட்டத்தில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. கண்மாய்கள் உடைந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன. நீர்வழிகள் தடையின்றி இருக்க வேண்டியதன் தேவையை இந்நிகழ்வு உணர்த்தியது.

எடுத்துக்காட்டுகள்

* ஐக்கிய அமெரிக்கா: 1969இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே துகுங்கா ஓடையின் வெள்ளம் ஆழமான சரளைக் குழிக்குள் பாய்ந்தது. அதனால் எழுந்த அரிப்பில் மூன்று நெடுஞ்சாலைப் பாலங்கள் வீழ்ந்தன.
* ஆஸ்திரேலியா: விக்டோரியா மாநிலத்தில் மார்வெல் நகரை ஒட்டிய நிலக்கரிச் சுரங்கத்தின் அருகே நிலம் நகர்ந்து வெடித்ததால், 2011இல் பிரின்சஸ் நெடுஞ்சாலை சில மாதங்கள் மூடப்பட்டது. 2012 ஜூனில், அனுமதியுடன் திருப்பப்பட்டிருந்த மார்வெல் ஆற்றின் செயற்கைத் தடம் உடைந்து யாலோர்ன் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது.
* ஜெர்மனி: 2021 ஜூலையில் எர்ஃப்ட் ஆறு பிளெசெம் ஊரின் சரளைக் குழிக்குள் பாய்ந்து, பின்னோக்கிய அரிப்பால் வீடுகள் சரிந்தன.
* தமிழ்நாடு: மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் கிரானைட் குவாரிகளால் கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் ஆக்கிரமிக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. இதுகுறித்து விசாரிக்கச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் உ. சகாயத்தை நியமித்தது. அவர் 2015 நவம்பரில் அறிக்கை அளித்தார்.

சட்ட நிலை

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 430ஆம் பிரிவு, பாசன நீர் குறையும்படி நீரைத் தவறாகத் திருப்புவதையும், 431ஆம் பிரிவு, பொதுச்சாலைக்கும் பாலத்துக்கும் சேதம் விளைவிப்பதையும் குற்றமாக்கின. 2024 ஜூலை 1 முதல் இவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. இரண்டுக்கும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். தமிழ்நாட்டில் ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு.

சுரங்கத்துக்கும் சாலைக்கும் இடையே குறிப்பிட்ட தொலைவு விடப்பட வேண்டும் என்பது கனிம விதிகளின் பொது நெறியாகும். ஆயினும் பின்னோக்கிய அரிப்பு அந்த எல்லையைக் கடந்தும் செல்லக்கூடியது. ஆகவே குழியை விதிப்படி தோண்டியிருப்பது மட்டும் சாலைக்குப் பாதுகாப்பாகாது. ஓடை அதன் பழைய தடத்திலேயே ஓடுவதும் இன்றியமையாததாகும்.

இவற்றையும் பார்க்க

* கண்மாய்
* கரிசல் மண்
* மண்ணரிப்பு