கவலை மாடு முதல் கரண்ட் விஞ்ச் வரை

"விஞ்ச்" என்று சொன்னதும் தமிழ்நாட்டில் பலருக்கும் பழனி மலைதான் நினைவுக்கு வரும். ஏறக்குறைய 690 படிகளை ஏற முடியாத முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் மலைக்குப் போவதற்காக 1966-ல் அங்கே மின் இழுவை ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தில் நிற்கும் பெட்டியை இரும்பு வடம் இழுக்கிறது. வடத்தை மோட்டார் சுற்றுகிறது. அவ்வளவுதான்!

ஆனால் விஞ்ச் பழனிக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஒரு உருளை, அதில் சுற்றும் வடம், உருளையைத் திருப்ப ஒரு சக்தி. இந்த மூன்றும் சேர்ந்தால் அது விஞ்ச். படகைத் தண்ணீரிலிருந்து ட்ரெய்லர் மேல் இழுப்பதும் அதுதான், அணையின் ஷட்டரைத் தூக்குவதும் அதுதான், கிணற்றுக்குள் உடைத்த கல்லை மேலே கொண்டுவருவதும் அதுதான். உருளையை எந்தச் சக்தி திருப்பியது என்பது ஒரு வரலாறு. அந்தச் சக்தி பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று மனிதன் யோசித்தது இன்னொரு வரலாறு. இரண்டாவதுதான் முக்கியமானது.

மாடு இழுத்த காலம்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்கி வருகிறது. 1965-ல் கோமுகி அணை கட்டப்பட்டது. அதன் உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. இந்தப் பாசனம் எட்டாத நிலங்களுக்கு அன்றும் இன்றும் கிணறுதான் கதி. இங்கே கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும். பாறையை உடைத்துத்தான் கிணறு வெட்ட வேண்டும்.

அந்தக் கிணறுகளில் தண்ணீர் இறைத்தது கவலை. இரண்டு மாடுகள் சரிவுப் பாதையில் கீழ்நோக்கி நடக்கும். வடம் உருளை மேல் ஓடி, நிறைந்த சாலை மேலே இழுக்கும். ஓட்டுபவர் வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். அவருடைய எடையும் மாட்டுக்கு உதவியாகச் சேரும். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து சரிவில் ஏற வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நடை! வடம் அறுந்தால் சால் கிணற்றுக்குள் போகும். அதில் போவது தண்ணீர்தான், உயிர் அல்ல.

வடம் அறுந்தால்?

வடத்தில் மனிதன் தொங்கும்போதுதான் கேள்வி பெரிதாகிறது. 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் ஒரு மேடையில் ஏறி உயரே போய் நின்றார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, மேடையைத் தாங்கிய வடத்தை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி அப்படியே நின்றுவிட்டது! வடம் இறுக்கமாக இருக்கும்வரை வளைந்திருந்த ஒரு ஸ்பிரிங், வடம் தளர்ந்ததும் விரிந்து பக்கவாட்டுப் பற்களில் மாட்டிக்கொண்டது. அதாவது, அவரைக் காப்பாற்ற எந்த சக்தியும் வேலை செய்ய வேண்டியிருக்கவில்லை. சக்தி போனதே காப்பாற்றியது.

மின்சாரம் வந்தது

1880-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் சீமென்ஸ் மின்சார லிஃப்டைக் காட்டினார். 1889-ல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி என்ற பொறியாளர் எளிமையான த்ரீ பேஸ் மோட்டாரை உருவாக்கினார். இன்று வயல்களில் ஓடும் பம்ப்செட் மோட்டார்கள் அதன் வாரிசுகள்தான்.

தமிழ்நாட்டில் 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வரிசையாக வந்தன. அப்போது கள்ளக்குறிச்சியும் அடங்கியிருந்த தென்னாற்காடு மாவட்டத்தில், 1962-ல் நெய்வேலி அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. கம்பி கிராமத்துக்குப் போகப் போக, கவலை மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. கிணற்றைத் தூர்வாரவும் ஆழப்படுத்தவும் டீசல் என்ஜினிலோ மோட்டாரிலோ ஓடும் விஞ்ச் வந்தது. ஊரில் அதற்குப் பெயர் கிரேன்.

வயரிங்கில் என்ன இருக்கிறது?

மின்சார விஞ்சுக்கு இரண்டு வகையில் சக்தி கொடுக்கலாம். ஒன்று பேட்டரி, மற்றொன்று த்ரீ பேஸ் லைன். 5 குதிரைத்திறன் என்றால் சுமார் 3,700 வாட். இதை 12 வோல்ட் பேட்டரியில் எடுத்தால் 300 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 415 வோல்ட் த்ரீ பேஸில் 7 அல்லது 8 ஆம்பியர் போதும். அதனால்தான் படகு ட்ரெய்லர் விஞ்சில் சிறிய மோட்டார், தடித்த குட்டையான கேபிள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் என்று வைக்கிறார்கள். படகை இழுத்து ஏற்றிய பிறகு அதை விஞ்சை நம்பி விடுவதில்லை, தனியாகச் சங்கிலி போட்டுக் கட்டுகிறார்கள். இழுப்பது வேறு, பிடித்து வைத்திருப்பது வேறு.

பெரிய விஞ்சுகளில் பிடிக்கும் வேலை பிரேக்குக்கு. இங்கேதான் ஓட்டிஸின் யோசனை மின்சார உருவில் வருகிறது. மின்சாரம் வந்தால் பிரேக் பிடிக்கும் என்று பலர் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. ஸ்பிரிங்தான் எப்போதும் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கிறது. மின்காந்தம் அதை இழுத்து விடுவிக்கிறது. கரண்ட் போனால் மின்காந்தம் செத்துவிடும், ஸ்பிரிங் உருளையைக் கவ்விவிடும். மின்வெட்டு வந்தால் பெட்டி கீழே ஓடாமல் அங்கேயே நிற்கும்.

மின்வெட்டைவிட மோசமானது, பாதி மின்சாரம். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் நின்றிருக்கும் மோட்டார் கிளம்ப முடியாமல் உறுமும். பிரேக் காயில் மீதி இரண்டு பேஸில் இணைந்திருந்தால் பிரேக் மட்டும் திறந்துகொள்ளும். இழுக்க ஆளில்லை, பிடிக்கவும் ஆளில்லை!

இன்னொன்று விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்தது. லைனில் வேலை பார்த்த பிறகு சில சமயம் பம்ப் தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் ஏறாது. மூன்று கம்பிகளில் எந்த இரண்டையாவது இடம் மாற்றினால் மோட்டாரின் திசை மாறிவிடும் என்பதே காரணம். விஞ்ச் ஏறுவதும் இறங்குவதும் இந்தத் தந்திரத்தால்தான். ஆனால் லைனிலேயே கம்பி மாறி வந்தால், மேலே போகும் பொத்தானை அழுத்தினால் கீழே போகும். கீழே போகும் பொத்தானை அழுத்தினால் மேலே ஏறும், உச்சியில் இருக்கும் லிமிட் சுவிட்ச் அதைத் தடுக்காது. ஏனென்றால் அந்த சுவிட்ச் துண்டிப்பது "மேலே" என்ற இணைப்பைத்தான்.

இந்த இரண்டையும் தடுக்கக் கருவிகள் உண்டு. ஒரு பேஸ் போனால் மோட்டாரையும் பிரேக்கையும் சேர்த்து அணைக்கும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஒன்று. வரிசை மாறினால் ஓடவே விடாத ரிலே மற்றொன்று. பம்ப்செட் பெட்டியில் முதலாவதை வைக்கிறார்கள், மோட்டார் காயில் கருகினால் செலவு என்பதால்.

கிணற்றுக்குள் மனிதன்

கிணற்றில் ஓடும் கிரேனில் கல் மட்டும் ஏறுவதில்லை. வேலை முடிந்ததும் வெட்டுபவர்களே அதே தொட்டியில் உட்கார்ந்து மேலே வருகிறார்கள். ரோப் அறுந்து கிணற்றுத் தொழிலாளிகள் இறந்த செய்திகள் தமிழகத்தில் பல முறை வந்துள்ளன. கீழே இருப்பது தண்ணீர் அல்ல, பாறை. பழனியில் பக்தருக்குத் தேவைப்படும் ஸ்பிரிங் பிரேக்கும், ரிலேயும், ரோப் பரிசோதனையும் கிணறு வெட்டும் கூலித் தொழிலாளிக்கும் தேவை. 1854-லேயே ஓட்டிஸ் விடை சொல்லிவிட்ட கேள்வி இது.

கவலை ஓட்டியவர் மாட்டின் நடையைப் பார்த்தே அது களைத்துவிட்டதா என்று தெரிந்துகொண்டார். மோட்டார் அப்படி எதையும் காட்டாது, திடீரென்று நின்றுவிடும். எனவே ஒரு விஞ்சுக்கு வயரிங் செய்யும்போது அது எவ்வளவு எடை இழுக்கும் என்பது இரண்டாவது கேள்விதான். கரண்ட் போன அந்த நொடியில் தொட்டியில் இருப்பவர் எங்கே இருப்பார் என்பதே முதல் கேள்வி.