பேசிக்கொண்டே கேட்பது

நம் வீடுகளில் நல்ல பட்டுப் புடவைக்கு மூன்று ஜன்மங்கள் உண்டு. முதலில் அம்மாவின் கல்யாணப் புடவை. பிறகு பெண்ணின் பாவாடை. கடைசியில் கொலுப்படிக்கு விரிப்பு. எதையும் எறிந்துவிட மனம் வராத குடும்பங்களில்தான் இந்த மறுபிறவி நடக்கும். அமெரிக்காவில் பழைய போலீஸ் வானொலிகளுக்கு இப்படியொரு மறுபிறவி கிடைத்த கதையைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மேதை 1933-ல் எப்.எம். முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1940-ஐ ஒட்டி, டேனியல் நோபிள் என்பவர் கனெக்டிகட் மாநிலப் போலீஸாருக்கு அந்த முறையில் இருவழி வானொலி அமைத்துக் கொடுத்தார். யுத்தம் முடிந்ததும் டாக்சி, தீயணைப்பு வண்டி, மின்சாரக் கம்பெனி லாரி எல்லாவற்றிலும் பேசும் பெட்டிகள் ஏறிக்கொண்டன. ஆனால் வண்டியிலிருந்து புறப்படும் குரல் மலையும் மாடியும் குறுக்கிட்டால் நின்றுவிடும். அதற்குப் பரிகாரமாக வந்ததுதான் ரிப்பீட்டர். குன்றின் உச்சியில் உட்கார்ந்து, ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே கணத்தில் இன்னோர் அலைவரிசையில் உரக்கச் சொல்லும் யந்திரம் அது.

இந்தச் சமயத்தில் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. வானவெளியில் இடநெருக்கடி வந்துவிட்டதால், 150 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 60 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருந்த அலைவரிசைகளை 30-ஆகக் குறுக்கினார்கள். குரலின் வீச்சும் 15 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5-ஆகச் சுருங்க வேண்டியதாயிற்று. 1960களின் தொடக்கத்தில், நன்றாக உழைத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒரே உத்தரவில் பழைய சாமான் ஆகிவிட்டன.

அவற்றை வாங்கிக்கொண்டு போனவர்கள் 'ஹாம்' என்று சொல்லப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள். பரீட்சை எழுதி, உரிமம் பெற்று, காசுக்காக அல்லாமல் ஆசைக்காக வானொலி நடத்துகிறவர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஆர்ட் ஜென்ட்ரி என்பவர் 1950களிலேயே ஒரு ரிப்பீட்டர் நிறுவியிருந்தார். அது பழைய ஏ.எம். முறையில் ஓடியது. போலீஸ் பெட்டிகள் மலிவாகக் கிடைத்தபின், ஊருக்கு ஊர் எப்.எம். ரிப்பீட்டர்கள் முளைத்தன. வேய்ன் கிரீன் தமது '73' பத்திரிகையில் 1969 முதல் இதை ஓயாமல் பிரசாரம் செய்தார். 1972-ல் சர்க்கார் ரிப்பீட்டர்களுக்கென்றே தனி விதிகள் வகுத்தது.

வாங்கிவந்த பெட்டியை மாற்றியமைப்பது லேசான காரியமல்ல. முதலில், வியாபார அலைவரிசைக்காக வெட்டிய ஸ்படிகத்தை எடுத்துவிட்டு, அமெச்சூர்களுக்கு உரிய 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற ஸ்படிகம் வைக்க வேண்டும். பிறகு சுருள்களை ஒவ்வொன்றாகத் திருகி, ஸ்ருதி சேர்க்க வேண்டும். காரில் இருந்த பெட்டி பேசும்போது கேட்காது, கேட்கும்போது பேசாது. அதன் வாயையும் காதையும் தனித்தனியே பிரித்தாக வேண்டும். இரண்டு வாக்கியம் பேசிவிட்டு ஓய்வெடுத்துப் பழகிய பெட்டி அது. மணிக்கணக்கில் பேசச் சொன்னால் கொதித்துப் போகும். ஆகவே சக்தியைப் பாதியாகக் குறைத்து, பக்கத்தில் ஒரு மின்விசிறியும் வைப்பார்கள்.

இத்தனையும் செய்துவிடலாம். உண்மையான கஷ்டம் இதற்கப்புறம்தான் ஆரம்பமாகிறது. கல்யாணப் பந்தலில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் என்ன ஆகும்? 'கீ' என்று ஓர் ஊளை கிளம்பி, நாதஸ்வரத்தையே விழுங்கிவிடும். ரிப்பீட்டருக்கும் ஏறக்குறைய அந்தச் சங்கடம்தான். ஆனால் அது ஊளையிடுவதில்லை, செவிடாகிவிடுகிறது. அது கேட்க வேண்டிய குரல், ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு செய்தால் அதில் ஒரு கூறுக்கும் குறைவானது. பக்கத்திலேயே அதன் சொந்த வாய் நூறு வாட் சக்தியோடு கத்துகிறது. 450 மெகாஹெர்ட்ஸ் வியாபார ரிப்பீட்டர்களில் வாய்க்கும் காதுக்கும் 5 மெகாஹெர்ட்ஸ் தூரம் உண்டு. அமெச்சூர்களோ 146.34-ல் கேட்டு 146.94-ல் பேசினார்கள். இடையே இருந்தது 0.6 மெகாஹெர்ட்ஸ்தான்!

இதற்கு அவர்கள் கண்ட வழி, அரை மீட்டருக்கு மேல் உயரமான உலோக உருளைகள். நான்கோ ஆறோ வரிசையாக நிற்கும். புல்லாங்குழல் தன் நீளத்துக்கு உரிய ஸ்வரத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுபோல, ஒவ்வோர் உருளையும் தன் அளவுக்கு உரிய அலையை வழிவிட்டு, வேண்டாததைத் தடுத்துவிடும். அவற்றை ஸ்ருதி சேர்ப்பதற்குள் பல இரவுகள் கழிந்துவிடும்.

சம்பளம் இல்லாத இந்த உழைப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2005-ல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைச் சூறையாடியபோது, தொலைபேசிகள் ஊமையாகிவிட்டன. அப்போது செய்தி கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் இந்த அமெச்சூர்களும் இருந்தார்கள். கையளவு கருவியோடு இருட்டில் நிற்பவனுடைய மெல்லிய குரலைக் கேட்க, எங்கோ ஒரு காது திறந்திருக்க வேண்டியிருக்கிறது.

சரித்திரம் இன்னொரு முறையும் திரும்பியது. 2013 ஜனவரி 1-ஆம் தேதியோடு, சர்க்கார் வியாபார அலைவரிசைகளை மறுபடி 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12.5-ஆகச் சுருக்கியது. மறுபடியும் பழைய பெட்டிகள் வீதிக்கு வந்தன. மறுபடியும் அதே ஆசாமிகள் அவற்றை எடுத்துப் போனார்கள்.

பேசுவதற்கு உலகத்தில் எத்தனையோ யந்திரங்கள் உண்டு. தான் உரக்கப் பேசும்போதே அடுத்தவனுடைய மெல்லிய குரலும் தன் காதில் விழ வேண்டுமென்று, ஒரு யந்திரத்துக்காக மனிதர்கள் இரவெல்லாம் கண்விழித்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நமக்கும் வந்துவிட்டால், வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துபோகும்.