மூர்: எங்கள் பெயரா, எங்களுக்கு வைத்த பெயரா?



போன கிழமை அடையாள அட்டை விண்ணப்பத்துக்காகப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருவன் தன்னுடைய ஆங்கிலப் பிரதியைக் காட்டிக் கேட்டான். "சேர், இதில 'ஸ்ரீலங்கா மூர்' என்டு இருக்கு. மூர் என்டா மொரோக்கோ ஆக்கள் என்டு கூகிள்ல இருக்கு. அப்ப நாங்க வெளிநாட்டு ஆக்களா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'வந்தேறிகள்' என்ற சொல்லை பஸ்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ரோமர்கள் வடமேற்கு ஆபிரிக்காவை மவுரித்தானியா என்றார்கள். இன்றைய மொரோக்கோவும் அல்ஜீரியாவின் ஒரு பகுதியும் அதில் அடங்கும். அங்கே வாழ்ந்தவனுக்கு இலத்தீனில் 'மவுருஸ்' என்று பெயர். அப்போது இஸ்லாம் வந்திருக்கவில்லை. அது ஓர் இடத்து மக்களின் பெயர், அவ்வளவுதான்.

கி.பி. 711இல் முஸ்லிம் படை ஸ்பெயினுக்குள் நுழைந்தது. அந்தப் படையில் வட ஆபிரிக்கர் நிறைய இருந்தார்கள். பல நூற்றாண்டுப் போரில் சொல்லின் பொருள் மாறியது. முஸ்லிம் யாராக இருந்தாலும், எந்த நாட்டவராக இருந்தாலும், ஸ்பானியருக்கு அவர் 'மோரோ'. போர்த்துக்கேயரிடமும் அதே சொல்தான், உச்சரிப்பு மட்டும் சற்று வேறு. இடப்பெயர் எதிரியின் பெயரானது இப்படித்தான்.

1492இல் கிரனடா வீழ்ந்தது. ஆறே வருடத்தில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். 1505இல் லொரென்சோ த அல்மெய்தா கொழும்புக்கு வந்தார். மாலைதீவுப் பக்கம் போகும் முஸ்லிம் வர்த்தகக் கப்பல்களைத் தேடி வந்தவரைக் காற்று இங்கே தள்ளியது. இங்கேயும் முஸ்லிம் வணிகர்களைக் கண்டதும் போர்த்துக்கேயர் ஊரிலிருந்து கொண்டுவந்த பெயரை அப்படியே ஒட்டிவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே நாங்கள் இங்கே இருந்தோம். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா 'கலன்பு' என்று கொழும்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அக்கம்பக்கத்தவர் எங்களைத் தமிழில் சோனகர் என்றார்கள். சிங்களத்தில் 'யோன்', 'மரக்கல'. மரக்கல என்பது எங்கள் மரக்கலம்தான், கப்பல். 'யோன்' என்பதோ பாளி மொழியில் கிரேக்கரைக் குறித்த 'யோன' என்ற சொல். அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து வந்தது. சோனகர் என்பதையும் யவனர் என்பதோடு சேர்த்துத்தான் அறிஞர்கள் பார்க்கிறார்கள். ஆக, ஒரு பெயர் ஆபிரிக்காவிலிருந்து, மற்றது கிரேக்கத்திலிருந்து!

ஒல்லாந்தர் காலத்தில் 'மூர்' சட்டத்துக்குள் போனது. மூர் என்றால் கூலியில்லாமல் 'ஊழியம்' செய்ய வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வீடு, காணி வாங்க முடியாது. அந்தத் தடை பிரித்தானியர் காலத்தில், 1832இல்தான் நீங்கியது.

பிறகு கதை திரும்புகிறது. 1885இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று சட்டநிரூபண சபையில் வாதிட்டார். 1888இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். அது வெறும் வரலாற்று விவாதம் அல்ல. தமிழர் என்றால் எங்களுக்குத் தனிப் பிரதிநிதி எதற்கு என்ற கேள்வி அதில் இருந்தது. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் சபையின் முதல் முஸ்லிம் உறுப்பினரானார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார். எதிரி வைத்த பெயரை எங்கள் ஆட்களே கையில் எடுத்து, 'ஆம், நாங்கள் மூர்தான், தனிச் சமூகம்' என்றார்கள். பின்னர் மூர்ஸ் விளையாட்டுக் கழகம், 1944இல் ராசிக் பரீத் தொடங்கிய மூர்ஸ் இஸ்லாமிய கலாசார நிலையம் என்று அதைப் பெருமையோடு சூட்டிக்கொண்டோம்.

இதில் எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். 1911 குடிசன மதிப்பீடு 'சிலோன் மூர்', 'இந்தியன் மூர்' என்று பிரித்தது. நாங்களும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டோம். காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்து வந்த சகோதரர்களை 'அவங்க கரையாக்கள்' என்று தள்ளிப் பேசினோம். 1909இல் கட்டி முடித்த புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளி இந்திய முஸ்லிம்கள் எழுப்பியது. அங்கே தொழுபவர்களில் யார் எந்த மூர் என்று இன்று யார் கேட்கிறார்கள்?

பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களுக்கும் ஸ்பானியர் வைத்த பெயர் 'மோரோ'தான். 2019இல் அவர்கள் பெற்ற தன்னாட்சிப் பிரதேசத்தின் பெயர் 'பங்சமோரோ'. ஏச்சாக வந்த சொல் அங்கே ஒரு பிரதேசத்தின் பெயராகிவிட்டது.

பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: "மகன், இந்தச் சொல்லில உங்கட மூதாதையர்ட ஊரைத் தேட வேணாம். அதில இருக்கிறது போர்த்துக்கேயர்ட பழைய சண்டை. நீங்க எந்த ஊர் என்டு அதே சான்றிதழ்ல பிறந்த இடத்தைப் பாருங்க."

அவன் பார்த்தான். கொழும்பு என்றிருந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் சான்றிதழில் என்ன இருக்கிறது? சிலோன் மூரா, இந்தியன் மூரா, மலேயா? எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டி, இந்தக் கதையைச் சொல்லுங்கள்.