ஸ்ரீமதியின் சித்திரம்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியங்களுக்காகப் போகிறார்கள். காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் தரிசிக்கச் சிலர். கல்யாணப் புடவை எடுக்கப் பலர். கோயில் இட்டலியை ஒரு கை பார்க்க இன்னும் சிலர். இம்மூன்றையும் முடித்துக்கொண்டு, வேகவதிக் கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றத்துக்கும் போய் வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பட்டுக்குப் பிரசித்தி பெற்ற நகரத்தின் ஓரத்தில், பருத்தியின் பெயரால் ஓர் ஊர். அதில் ஒரு சமணர் கோயில். ஒரு பட்டுப் புடவைக்காக ஆயிரக்கணக்கான புழுக்கள் கூட்டோடு வெந்நீரில் வேகின்றன என்பதை நினைத்தால், கொல்லாமை நெறியினர் பருத்திப் பக்கமாக ஒதுங்கியது பொருத்தமாகத்தான் இருக்கிறது. (வேடிக்கைக்குச் சொல்கிறேன். ஊர்ப் பெயருக்கு இதுதான் காரணம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.)

அந்தக் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர மந்திரியும் சேனாபதியுமான இருகப்பர் 1387-ஆம் ஆண்டில் கட்டினார். அதன் விதானத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனால் பார்வை இறங்காது. சிவப்பும் மஞ்சளுமாக, வரிசை வரிசையாகச் சித்திரங்கள். டி. என். ராமச்சந்திரன் 1934-இல் சென்னை மியூசியத்தின் வெளியீடாக இந்தக் கோயிலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்தச் சித்திரங்களில் ஒரு பகுதி ஒருவருடைய கதை என்று சொல்லலாம், பலருடைய கதை என்றும் சொல்லலாம். முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர், அந்தப் பிறவிக்கு முன் எடுத்த பிறவிகள் அவை. அரசனாக, தேவனாக, மறுபடி அரசனாக, இப்படியே ஜன்மத்துக்கு ஜன்மம் உருமாறிக்கொண்டு ஓர் ஆத்மா அந்தக் கூரையில் பிரயாணம் செய்கிறது.

இந்தக் கதையை ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் ஆதிபுராணத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு கட்டம் என் மனத்தை விட்டு அகலுவதே இல்லை.

ஸ்ரீமதி என்று ஒரு ராஜகுமாரி. ஒருநாள் வானத்தில் தேவர்கள் போவதைக் கண்டு மூர்ச்சையாகி விழுகிறாள். விழித்ததும் அவளுக்குப் பூர்வ ஜன்மம் ஞாபகம் வந்துவிடுகிறது. தேவலோகத்தில் லலிதாங்கன் என்பவனுக்குப் பிரியமானவளாக இருந்தவள் அவள். அவன் எங்கே பிறந்திருக்கிறான் என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? பறையடித்து அறிவித்தால், ராஜாவின் மாப்பிள்ளையாக ஆசைப்படுகிற ஒவ்வொருவனும் “நான்தான் லலிதாங்கன்” என்று வந்து நிற்பான் அல்லவா?

அவள் செய்த காரியம்தான் சாமர்த்தியம். தன் பழைய வாழ்க்கையை ஒரு சித்திரமாக எழுதினாள். அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த சில விஷயங்களை அதில் பூடகமாக வைத்தாள். செவிலித்தாய் அந்தப் படத்தைக் கொண்டுபோய் ஜினாலயம் ஒன்றில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர்பார்த்தபடியே, பூர்வ ஜன்ம ஞாபகம் வந்ததாகப் பாசாங்கு செய்கிறவர்கள் வந்தார்கள். செவிலி இரண்டொரு கேள்வி கேட்டாள். பூடகத்தை அவிழ்க்கத் தெரியாமல் அசடு வழியத் திரும்பினார்கள். பிறகு வஜ்ரஜங்கன் வந்தான், பார்த்தான், மூர்ச்சை போட்டு விழுந்தான். எழுந்து, படத்தில் மறைத்து வைத்ததையெல்லாம் சொன்னான்.

மறுபிறப்பைப் பற்றிச் சந்தேகமே இல்லாத ஒரு மதத்தின் புராணம் இது. இருந்தும், “எனக்கு நினைவிருக்கிறது” என்று ஒருவன் சொன்னதும் கட்டிக்கொண்டு அழுதுவிட அது தயாராக இல்லை. தத்துவம் உண்மையாக இருக்கலாம், எதிரே நிற்கிற ஆள் பொய்யாக இருக்கலாம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இந்த வித்தியாசம் நம்மில் பலருக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. மறுபிறப்பை நம்புகிறவர், வந்த கதையையெல்லாம் நம்பிவிடுகிறார். நம்பாதவர், எந்தக் கதையையும் கேட்கவே மறுக்கிறார்.

காஞ்சியின் மண்ணுக்கே இப்படி ஒரு சுபாவம் உண்டோ என்று தோன்றுகிறது. மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை அறிந்தவள் அவள். போன பிறவியில் இலக்குமி என்ற பெயருடன் இராகுலனுக்கு மனைவியாக இருந்தவள். பிறகு வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில் ஒரு பூதவாதி வருகிறான். ஐம்பூதங்களின் கூட்டுறவில் உணர்வு பிறக்கிறது, அவை கலைந்தால் உணர்வும் போய்விடும், இந்தப் பிறவியைத் தவிர வேறு பிறவி கிடையாது என்கிறான் அவன். மணிமேகலை சிரிக்கிறாள். தன் பழம் பிறப்பைத் தானே அறிந்ததைச் சொல்கிறாள். அவன் அசரவில்லை. தெய்வம் மயக்கியதாலோ கனவிலோ மதி மயங்கியவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்கிறான். இன்றைக்கு மனோதத்துவ டாக்டர் ஒருவர் சொல்லக்கூடிய பதில்தான். உடனே அவள் கேட்கிறாள்: உன்னுடைய தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி நீ அறிந்தாய்?

நல்ல அடி. ஆனால் வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இதில் பூதவாதி தோற்றான் என்று எனக்குப் படவில்லை. தாய் தந்தையரைப் பற்றி ஊரில் நாலு பேரை விசாரிக்கலாம். மணிபல்லவத்தில் அவள் கண்டதற்குச் சாட்சி அவள் ஒருத்திதான்.

அதற்கு அடுத்தாற்போல் நடப்பதைப் பாருங்கள். மணிமேகலை காஞ்சிக்கு வருகிறாள். பஞ்சத்தில் கிடந்த ஊருக்கு அமுதசுரபியால் சோறிடுகிறாள். அப்புறம் அறவண அடிகளிடம் தர்மம் கேட்கிறாள். அடிகள் உடனே பிறப்பையும் வினையையும் பற்றிப் பேசிவிடவில்லை. முதலில் தர்க்கம் கற்பிக்கிறார். எது பிரத்தியட்சம், எது அனுமானம், எந்தெந்த வகையில் ஓர் அனுமானம் பழுதாகும் என்று ஒரு காதை முழுவதும் வறண்ட பாடம். கதை படிக்க வந்தவர்கள் இந்த இடத்தில் ஏட்டை மூடிவிடுவார்கள். நானும் வாலிபத்தில் மூடியவன்தான். பிறவிச் சங்கிலியைப் பற்றிய உபதேசம் அதற்கும் அடுத்த காதையில்தான் வருகிறது. பௌத்தத் தர்க்கத்தின் தந்தையான திங்நாகர் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்று திபெத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்தபோது இங்கே நூறு பௌத்த விகாரங்களும் பதினாயிரம் பிட்சுக்களும் இருந்ததாகக் குறித்தார். அத்தனை பேரும் மறுபிறப்பை நம்பியவர்கள். அத்தனை பேருக்கும் தர்க்கம் பாடம்.

அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டில் இந்தியா முழுவதும் பேசப்பட்ட ஒரு கதையைப் பார்ப்போம்.

டில்லியில் 1926 டிசம்பரில் பிறந்த சாந்தி தேவி, நாலு வயது முதல், தன் வீடு மதுராவில் இருக்கிறது என்றும், தன் கணவன் ஜவுளி வியாபாரி என்றும் சொல்லிவந்தாள். பிறகு அந்தக் கணவன் பெயரையும் சொன்னாள். மதுராவுக்குக் கடிதம் போயிற்று. கேதார்நாத் சௌபே என்ற ஜவுளி வியாபாரி அங்கே இருக்கத்தான் இருந்தார். அவருடைய மனைவி லுக்தி தேவி பிள்ளை பெற்ற சில நாட்களில், 1925 அக்டோபரில், இறந்துபோயிருந்தாள். முதலில் உறவினர் ஒருவர் வந்து பார்த்தார். பிறகு 1935 நவம்பரில் கேதார்நாத்தே மகனுடன் வந்தார். அவரைக் கணவருடைய அண்ணன் என்று பொய் சொல்லிக் காட்டியும், பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டாள் என்கிறார்கள். காந்திஜி அவளைச் சந்தித்தார். பதினைந்து பிரமுகர்கள் கொண்ட குழு ஒன்று நவம்பர் 24-ஆம் தேதி அவளை ரயிலில் மதுராவுக்கு அழைத்துச் சென்றது. ஸ்டேஷனிலிருந்து வண்டிக்கு வழி சொன்னாள், வீட்டைக் காட்டினாள். 1936-இல் வெளிவந்த குழுவின் அறிக்கை அவளுக்குச் சாதகமாக இருந்தது. பால்சந்த் நாஹடா என்பவர் தாமே விசாரித்து, பூர்வ ஜன்ம நினைவு என்று கொள்ள இதில் ஆதாரம் இல்லை என்று இந்தியில் ஒரு சிறு புத்தகம் போட்டார். அறிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர், நாஹடாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலர்.

ஸ்ரீமதியின் செவிலி அந்தக் குழுவில் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாள்? “நீங்கள் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள்?” என்றுதான். குழு மதுராவுக்குப் போவதற்கு முன்பே இரண்டு குடும்பமும் சந்தித்து, பேசி, அழுதுவிட்டார்கள். படத்தை ஊர் பூராவும் பார்த்த பிறகு பூடகம் ஏது?

அந்த மதுரா விஜயத்தில் ஒரு சம்பவம் உண்டு. வீட்டில் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே பணம் புதைத்து வைத்தேன் என்றாள் பெண். தோண்டினார்கள். பெட்டி கிடைத்தது, உள்ளே பணம் இல்லை. பிறகு கேதார்நாத், மனைவி இறந்தபின் அதைத் தாமே எடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். நம்புகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ருசு வேண்டியதில்லை. ஆனால் கவனியுங்கள், ருசு கடைசியில் பெட்டியிலிருந்து வரவில்லை. பெண்சாதியைப் பறிகொடுத்த ஒரு மனிதருடைய வாயிலிருந்து வந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே இருக்கலாம். சாந்தி தேவியும் 1987-இல் இறக்கும்வரை தன் பேச்சிலிருந்து மாறவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பணத்துக்காகவோ பெயருக்காகவோ ஆடிய நாடகம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

அமெரிக்காவில் வர்ஜீனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த இயான் ஸ்டீவன்ஸன் என்ற மனோவைத்தியர் 1961-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடித் தேடிப் பார்த்தார். 1966-இல் இருபது கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். ஆயுள் முடிவதற்குள் இரண்டாயிரத்துக்கு மேல் சேர்த்துவிட்டார். குடும்பங்கள் சந்திப்பதற்கு முன்பே குழந்தையின் பேச்சை எழுதி வைத்திருந்த கதைகள் அவற்றில் மிகக் குறைவு. இந்தியாவில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வடக்கே. மறுபிறப்பை நம்புவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லவே, பின் தெற்கே ஏன் இந்தப் பஞ்சம் என்று பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த சத்வந்த் பாஸ்ரிச்சா 2001-இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

ஸ்டீவன்ஸன் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. தமக்கு மட்டுமே தெரிந்த எண்ணை வைத்து ஓர் எண் பூட்டைப் பூட்டி அலமாரியில் வைத்தார். இறந்த பிறகு தாம் எந்த உருவிலாவது இருந்தால், அந்த எண்ணை எப்படியாவது தெரிவிப்பதாகச் சொன்னார். ஆதிபுராணத்தை அவர் படித்திருக்க மாட்டார். ஆனாலும் ஸ்ரீமதியின் சித்திரத்தைத்தான் அவரும் எழுதி வைத்தார். 2007-இல் காலமானார். பூட்டு திறந்ததாகச் செய்தி இல்லை.

இவ்வளவையும் தர்க்கம் பேசி எழுதுகிறேனே, எனக்கு மட்டும் இதில் என்ன யோக்கியதை என்று கேட்டால், சொல்லிவிடுவதுதான் நியாயம்.

காஞ்சியில் பிள்ளையார்பாளையத்தில் என் பெரியம்மாவின் வீடு இருந்தது. கூடத்தில் குழித்தறி. பெரியப்பா விடிவதற்கு முன் குழியில் இறங்கினால் உச்சி வேளைக்குத்தான் ஏறுவார். அவர்களுக்கு ஒரே பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பதினோராவது வயதில் விஷ ஜுரத்தில் போய்விட்டாள். ஐந்து வருஷம் கழித்து, அடுத்த தெருவிலிருந்து ஒரு நாலு வயதுக் குழந்தை வாசலில் வந்து நின்று, உள்ளே தறியைக் காட்டி, “எங்க வீடு” என்றது. பெரியம்மா அதைத் தூக்கிக்கொண்டவள்தான், இறக்கிவிடவில்லை.

பெரியப்பா கறாரான மனுஷர். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தறியை நிறுத்திவிட்டு வந்து குழந்தைக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உன் சோழியை எல்லாம் எங்கே வச்சே, சொல்லு.” அக்காவின் சோழிகள் அவள் போனதிலிருந்து காணாமற் போயிருந்தன, வீட்டில் யாருக்கும் தெரியாது. குழந்தை சுற்றுமுற்றும் பார்த்தது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தது. விளக்கு மாடத்தைக் காட்டியது. பெரியப்பா எழுந்து போய்க் கைவிட்டுத் துழாவினார். எண்ணெய்ப் பிசுக்குத்தான் இருந்தது.

“அங்கேதான் இருந்தது. பார்க்கச் சகிக்காமல் நான்தான் எடுத்து ஆற்றிலே போட்டுட்டேன்” என்றாள் பெரியம்மா.

பெரியப்பா அவளைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மறுபடி குழியில் இறங்கினார். தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நான் தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. சோழிகள் மாடத்தில் இருந்ததே இல்லை. அவற்றைத் தகர டப்பியில் போட்டு, தறிக் குழியின் சுவரோரம், மிதிகட்டைக்குப் பின்னால் மண்ணில் புதைத்தவர்கள் அக்காவும் நானும். யாரிடமும் சொல்வதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் சொல்லவில்லை. அது சத்தியத்துக்காகவா, பெரியம்மாவுக்காகவா என்பது அன்றைக்கும் எனக்குத் தெளிவாக இல்லை.

அந்தப் பெண் இரண்டு வீட்டுப் பெண்ணாக வளர்ந்தாள். தீபாவளிக்குத் தீபாவளி பட்டுப் பாவாடை. கல்யாணப் புடவை பெரியப்பா தம் கையாலே நெய்தது. அவருக்கும் பெரியம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றியவள் அவள்தான். பெரியம்மா போன பிறகு வீட்டை விற்பதற்காகக் குழியை மூடித் தரை போட ஏற்பாடாயிற்று. மண் கொட்டுவதற்கு முதல் நாள் நான் போனேன். குழியில் இறங்கித் தோண்டினேன். டப்பி துருப்பிடித்து மூடியோடு ஒட்டிப் போயிருந்தது. கல்லால் தட்டித் திறந்தேன். பன்னிரண்டு சோழிகளும் இருந்தன.

“என்ன அண்ணா அது?” என்று மேலிருந்து குனிந்து கேட்டாள் அவள்.

“சோழி. நீ வச்சதுதான்” என்று எடுத்து நீட்டினேன்.

ஒவ்வொன்றாக எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள்.